ஸ்விட்சை மாற்றும் முன் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளிலும் கடைகளிலும் அடிக்கடி கேட்கிற பேச்சு, "போன மாசம்தான் ஸ்விட்ச் மாத்தினோம், மறுபடியும் போயிடுச்சு" என்பதுதான். உண்மையில் பல தடவை போனது ஸ்விட்ச் இல்லை. பின்னால் இருக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லையென்றால் 6 ஆம்ப்ஸ் ஸ்விட்சில் கீசர் ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் இல்லையென்றால் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் எங்கோ அறுந்திருக்கும். அந்தக் காரணத்தைத் தொடாமல் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் புதிய ஸ்விட்சும் பழையது போன வழியிலேயே போகும். அதனால் உங்கள் இடத்தில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

## போர்டைத் திறப்பதற்கு முன்

ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று நினைத்து போர்டைக் கழற்றுபவர்கள் நிறைய பேர். ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் அதற்குக் கரண்ட் கொண்டு வருகிற ஃபேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அந்த போர்டுக்கான எம்.சி.பி.யை, அதாவது லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழுகிற ஸ்விட்சை, இறக்குங்கள், எது எந்த போர்டுக்கு என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்கிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அது மட்டும் போதாது. மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே லைனுக்கு மின்சாரம் கொடுக்க ஆரம்பித்துவிடும், லைட்டும் ஃபேனும் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சையும் அணையுங்கள், அதன் பிளக்கையும் பிடுங்குங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் முன்பக்க ஸ்விட்சை அணைத்தால் பேட்டரி மட்டும் நின்று, லைன் கரண்ட் உள்ளே புகுந்து போய்க்கொண்டே இருக்கிற மாடல்கள் உண்டு.

அப்புறம் டெஸ்டர். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் வைத்துப் பார்த்து, டெஸ்டர் எரிகிறதா என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் மெயினை இறக்கி போர்டுக்குள் வைக்க வேண்டும். வேலை செய்யாத டெஸ்டரும் எரியாதுதானே. போர்டில் இருக்கிற எல்லா வயரிலும் வையுங்கள், ஒரே போர்டில் லைட்டுக்கு இன்வெர்ட்டர் லைனும் பிளக்குக்கு நேர் லைனும் வருவது சாதாரணம். கடைகளில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வந்திருக்கலாம், அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். அப்படி ஒரு போர்டைத் திறந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் நிறத்தைப் பார்த்தால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எதை நாமே செய்யலாம் என்பதற்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலேயே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். விளக்கு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் இவற்றை அதே திறனில், இணைப்பின் தன்மை மாறாமல் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு. புதிதாக லைன் இழுப்பது, பாயிண்ட் கூட்டுவது, திறனை மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்றவர் வேலை. கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இந்தக் கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஸ்விட்ச் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பல்புதான் போயிருந்த கதை உண்டு. அடுத்து அதே போர்டில் மற்ற ஸ்விட்சுகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

போர்டு முழுக்க செத்துக் கிடக்கிறது என்றால் எம்.சி.பி. விழுந்திருக்கும், பழைய வீடாக இருந்தால் பீங்கான் ஃபியூஸ் கேரியரில் கம்பி போயிருக்கும். எம்.சி.பி.யை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு மேலே தள்ளுங்கள், பாதியில் நிற்பது சில சமயம் ஏற்றியது போலவே தெரியும். ஏற்றியதும் மறுபடி விழுந்தால் கீழே எம்.சி.பி. பகுதிக்குப் போங்கள். ஃபியூஸ் கம்பிக்குப் பதில் வயரின் செம்பு இழையைச் சுற்றி வைக்காதீர்கள், அது எரிய வேண்டிய நேரத்தில் எரியாது, சுவருக்குள் இருக்கிற வயர்தான் எரியும்.

ஒரே ஒரு ஸ்விட்ச் மட்டும் என்றால் மெயினை இறக்கி பிளேட்டைக் கழற்றி, அந்த ஸ்விட்சின் இரண்டு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்து ஸ்விட்சிலிருந்து ஃபேஸ் கொண்டு வருகிற சின்ன லூப் வயர்தான் அதிகம் கழன்று நிற்பது.

வயர் இறுக்கமாக இருக்கிறதா, சரி, இப்போது மெயினை ஏற்றி, வேறு எந்தக் கருவியும் கையில் இல்லாமல், ரப்பர் செருப்போடு நின்று, டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது ஒரு டெர்மினலில் (வயரை முடுக்குகிற இடம்) எரிந்து இன்னொன்றில் எரியாவிட்டால் ஸ்விட்ச் போய்விட்டது, மாற்றுங்கள், சாதாரண 6 ஆம்ப்ஸ் மாடுலர் ஸ்விட்ச் நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். இரண்டிலும் எரிந்து விளக்கு மட்டும் எரியாவிட்டால் ஸ்விட்சில் குறை இல்லை, ஹோல்டர், சீலிங் ரோஸ், அதற்கப்புறம் நியூட்ரல் என்ற வரிசையில் தேட வேண்டும். இரண்டிலும் எரியாவிட்டால் ஃபேஸ் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை, அல்லது அந்த ஸ்விட்ச் தவறாக நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது.

பிளக்கில் நியூட்ரல் அறுந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் வலது துளை ஃபேஸ், இடது துளை நியூட்ரல். அந்த லைனில் ஏதாவது ஒரு விளக்கை ஆன் செய்து வைத்துவிட்டு டெஸ்டரை விடுங்கள், இடது துளையிலும் நன்றாக எரிந்தால் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. போர்டுக்குள்ளேயே கழன்று நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் மெயினை இறக்கி முடுக்கலாம். தெரியாவிட்டால் ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து தேடுகிற வேலை, அதை வயர்மேனிடம் விடுங்கள்.

## ஸ்விட்ச் சுடுகிறது, கருகிய வாசனை வருகிறது

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் நெருப்புப் பிடிப்பதற்கான முன்னறிவிப்பு இதுதான். வாசனை வந்தால் முதலில் அந்த லைன் எம்.சி.பி.யை இறக்குங்கள், ஆராய்ச்சி அதற்கப்புறம்.

அந்த ஸ்விட்சில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்ப்ஸ் கிடைத்துவிடும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ப்ஸ், 6 ஆம்ப்ஸ் ஸ்விட்ச் தாங்கும். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பும் 2000 வாட்ஸ் கீசரும் 8.7 ஆம்ப்ஸ், 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப்ஸ். இவற்றை 6 ஆம்ப்ஸ் பாயிண்டில், பெரிய பின்னைச் சின்னத் துளைக்கு மாற்றுகிற பிளக் போட்டு ஓட்டினால் ஸ்விட்ச் சுடுவதில் ஆச்சரியமே இல்லை. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 6, 7 ஆம்ப்ஸ்தான் எடுக்கும், ஆனால் கிளம்புகிற நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், கடையில் இருக்கிற பெரிய ஃப்ரீசரும் அப்படித்தான், இதனால்தான் மோட்டார் ஸ்விட்சும் ஃப்ரீசர் ஸ்விட்சும் அடிக்கடி சாகின்றன.

இந்த இடத்தில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. 6 ஆம்ப்ஸ் ஸ்விட்ச் கருகியதும் கடைக்குப் போய் 16 ஆம்ப்ஸ் ஸ்விட்ச் வாங்கி வந்து அதே இடத்தில் போட்டுவிடுகிறார்கள். ஸ்விட்ச் இப்போது சுடாது, உள்ளே போகிற 1 அல்லது 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் சுடும், அது சுவருக்குள் இருப்பதால் உங்கள் கைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. 16 ஆம்ப்ஸ் பாயிண்டுக்குக் குறைந்தது 2.5 ஸ்கொயர் செம்பு வயர் எம்.சி.பி.யிலிருந்து தனியாக வர வேண்டும், கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 ஸ்கொயர் போடுவது வழக்கம், ஏ.சி.க்கு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற டி.பி. ஸ்விட்ச் நல்லது. இது லைன் இழுக்கிற வேலை, நீங்களே செய்வதற்கு இல்லை. செலவு ஆகும்தான். ஆனால் அந்தக் கருவியை அந்த வீட்டில் ஓட்ட வேண்டும் என்றால் அதற்கு வேறு மாற்று கிடையாது.

லோடு சரியாக இருந்தும் சுடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்வுதான். திறந்து பார்த்தால் டெர்மினல் ஓரத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். இப்படி நிறம் மாறிய ஸ்விட்சை இறுக்கி மறுபடி பயன்படுத்தாதீர்கள், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும், ஒன்றோடொன்று தொட்டு இணைப்பைக் கொடுக்கிற காண்டாக்டும் சூட்டில் வலு இழந்திருக்கும். மாற்றுவதாக இருந்தால் வயரின் கருகிய நுனியையும் வெட்டி, செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரை உரித்து, அதற்கப்புறம் மாட்டுங்கள். கறுத்த செம்பை அப்படியே மாட்டினால் சில மாதத்தில் அதே சூடு திரும்பி வரும். வெட்டிய பிறகு வயர் எட்டவில்லையா, முறுக்கி டேப் சுற்றி நீட்ட வேண்டாம், வயர்மேன் வந்து புதிதாக இழுக்கட்டும்.

கடலோர ஊர்களில், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி இடங்களில், பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறி இணைப்பு கெடுகிறது. இறுக்கமாக இருந்தும் சுடுகிறது என்றால் அதைப் பாருங்கள், களிம்பு ஏறிய ஸ்விட்சைச் சுரண்டிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடலாம். உள்ளே இருப்பது வெள்ளி நிறத்து அலுமினிய வயராக இருந்தால் கையே வைக்காதீர்கள், பழைய வயர் வளைத்தால் ஒடிந்துவிடும், ஒன்றைத் தொட்டால் இரண்டு போகும்.

## 'சிர்' என்று சத்தம், உள்ளே பொறி

ஆஃப் செய்கிற நொடியில் ஒரு சின்ன நீலப் பொறி தெரிந்து மறைந்தால் அது இயல்பு, ஃபேனையும் மோட்டாரையும் அணைக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். ஆனில் இருக்கும்போதே சிர்ரென்று சத்தம் கேட்டாலோ, விளக்கு சிமிட்டினாலோ, ஸ்விட்சை லேசாக அழுத்தினால் சத்தம் நின்றாலோ அது இயல்பு இல்லை. முதலில் டெர்மினல் ஸ்க்ரூ, அது இறுக்கமாக இருந்தால் உள் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது, ஸ்விட்சை மாற்றுங்கள். பிளக் சாக்கெட்டில் சத்தம் வந்தால் உள்ளே இருக்கிற பித்தளைப் பிடி விரிந்திருக்கும், அங்கே சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும், ஸ்விட்சை மாற்றிப் பயனில்லை.

எறும்பையும் மறந்துவிடாதீர்கள். நம் ஊர் போர்டுகளில் எறும்புக் கூட்டம் காண்டாக்டுக்கு நடுவே நசுங்கி ஸ்விட்சைக் கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது, பல்லி உள்ளே போய்க் கருகி எம்.சி.பி.யே விழுந்த இடங்களும் உண்டு. மெயினை இறக்கி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மண்ணெண்ணெயோ பூச்சி மருந்து ஸ்பிரேயோ போர்டுக்குள் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கக்கூடியவை. காலியான இடங்களுக்கு டம்மி போட்டு மூடுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வுக்கு அருகில் வருவது.

## ஆஃப் செய்தும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது

ஸ்விட்ச் இண்டிகேட்டர் வைத்ததா என்று பாருங்கள். ஆஃபில் சின்னதாக எரிகிற சில மாடல் இண்டிகேட்டர்களின் துளி மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகிறது, பழைய குண்டு பல்பில் தெரியாது, எல்.இ.டி.யில் தெரிந்துவிடும். சாதாரண ஸ்விட்ச் போட்டால் நின்றுவிடும், ஆபத்தும் இல்லை. வேறு பிராண்ட் பல்பு போட்டே நின்றுபோவதும் உண்டு.

இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சில் இப்படி நடந்தால் கவனம் வேண்டும். ஸ்விட்சை ஆன் செய்து, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, இரண்டு டெர்மினலிலும் டெஸ்டர் வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஸ்விட்ச் சரியாக ஃபேஸில் இருக்கிறது, நீளமான வயர்கள் ஒரே பைப்பில் சேர்ந்து ஓடுவதால் வருகிற மங்கல் வெளிச்சம்தான் அது. இரண்டிலுமே எரியாவிட்டால் ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது நீங்கள் ஆஃப் செய்தாலும் மேலே ஹோல்டரில் ஃபேஸ் காத்திருக்கிறது. பல்பு மாற்ற ஏணியில் ஏறுகிறவருக்கு அது உயிர் ஆபத்து. ஒரு போர்டில் மட்டும் இப்படி என்றால் வயர்மேன் வந்து மாற்றிக் கொடுப்பார். வீடு முழுக்க இப்படி என்றால், அதுவும் கம்பத்தில் ஏதோ வேலை நடந்த பிறகு ஆரம்பித்தது என்றால், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயரிலேயே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம், மின்வாரிய அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள்.

## ஆஃப் செய்தால் அணையவே இல்லை

கடைகளில் பார்க்கிற கோளாறு இது. ஒரே ஸ்விட்சில் இருபது எல்.இ.டி. டியூப் போட்டிருப்பார்கள். 20 வாட்ஸ் வீதம் கணக்குப் போட்டால் 400 வாட்ஸ், 2 ஆம்ப்ஸ்கூட வராது, அதனால் 6 ஆம்ப்ஸ் ஸ்விட்ச் தாங்கும் என்று தோன்றும். ஆனால் எல்.இ.டி. டிரைவர்கள் எல்லாம் ஆன் ஆகிற அந்த ஒரு கணத்தில் சேர்ந்து பெரிய அளவு மின்சாரத்தை இழுக்கும், அந்த அடியில் ஸ்விட்சின் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்விட்சை மாற்றிவிட்டு, விளக்கு வரிசையை மூன்று நான்கு ஸ்விட்சுக்குப் பிரித்துவிடுங்கள், பெரிய ஷோரூமாக இருந்தால் பெரிய லோடைத் தாங்குகிற காண்டாக்டர் என்ற தனிக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். பிரிப்பது வயரிங் மாற்றம், வயர்மேன் வேலை. ஸ்விட்ச் தொல்லையே வேண்டாம் என்று எம்.சி.பி.யைக் காலையில் ஏற்றி இரவில் இறக்கிக் கடை நடத்துவது சரியல்ல, அது தினசரி ஸ்விட்சாக உழைப்பதற்குச் செய்த பொருள் இல்லை.

வீட்டில் ஸ்விட்ச் அசையாமல் ஒட்டிக்கொண்டால் பொங்கலுக்கு வெள்ளையடித்ததை நினைத்துப் பாருங்கள், பெயிண்ட் உள்ளே இறங்கி இறுகியிருக்கும். அடுத்த முறை பிளேட்டை மூடி டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

## மாடிப்படி விளக்கு ஒரு பக்கம் இருந்து மட்டும் வேலை செய்கிறது

டூவே ஸ்விட்சை மாற்றிய பிறகு இது ஆரம்பித்திருந்தால் நடு டெர்மினல் வயரை ஓரத்தில் மாட்டியிருப்பார்கள். மூன்று டெர்மினலில் பொது டெர்மினல் பெரும்பாலும் நடுவில் இருக்கும், பழைய ஸ்விட்சில் அங்கே இருந்த வயர்தான் புதியதிலும் அங்கே போக வேண்டும், ஓரத்து இரண்டும் தங்களுக்குள் இடம் மாறினாலும் கவலையில்லை. கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது. எதையும் மாற்றாமலே இப்படி ஆனால் இரண்டு ஸ்விட்சில் ஒன்று தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

## ஸ்விட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுகிறது

எப்போது விழுகிறது என்பதே பாதிப் பதில். போட்ட அதே நொடியில் விழுந்தால் ஷார்ட். சில நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் லோடு அதிகம். எம்.சி.பி. நிற்க, கசிவைக் கண்டால் லைனை வெட்டுகிற, டெஸ்ட் பட்டன் வைத்த ஆர்.சி.சி.பி. மட்டும் விழுந்தால் மின்கசிவு.

ஷார்ட் என்றால் அந்த லைனில் எல்லா பிளக்கையும் பிடுங்கி, எல்லா ஸ்விட்சையும் ஆஃப் செய்து, எம்.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எந்தக் கருவியில் விழுகிறதோ அது ரிப்பேருக்கு. ஒன்றுமே மாட்டாமலும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு, அதற்கு மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம். 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி. விழுகிறது என்று 20 ஆம்ப்ஸ் போடுவதும், ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்வதும் செய்யவே கூடாதவை.

## தொட்டால் ஷாக் அடிக்கிறது

இதில் நீங்கள் செய்ய வேண்டியது மெயினை இறக்குவது மட்டும்தான். மழைக்காலத்தில் சுவர் ஊறி, இரும்பு பாக்ஸுக்கு எர்த் இல்லாமல், பிளேட் ஸ்க்ரூ வரைக்கும் மின்சாரம் வருகிறது. காய்ந்ததும் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், அடுத்த மழைக்கு ஈரக் கையோடு ஒரு குழந்தை தொடலாம். வயர்மேன் வந்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் அதையும் போட்டுக் கொடுக்கட்டும்.

## ஒரு ஸ்விட்ச் போட்டால் வேறு விளக்கு பிரகாசமாகிறது

ஒரு பக்கம் விளக்கு மங்கி, இன்னொரு பக்கம் கண் கூசுகிற அளவுக்கு எரிந்தால் ஸ்விட்சைத் தொடாமல் நேராக மெயினுக்கு ஓடுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனதன் அடையாளம் இது. நேரம் கடந்தால் டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் வரிசையாகப் போகும். அக்கம்பக்கத்திலும் இப்படியே என்றால் மின்வாரியம், உங்கள் இடத்தில் மட்டும் என்றால் வயர்மேனையும் கூப்பிட்டு மெயின் போர்டு நியூட்ரல் லிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## மாற்றியே ஆக வேண்டும் என்றால்

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிற, அதே ஆம்ப்ஸ், அதே வகை ஸ்விட்ச் வாங்குங்கள், மாடுலர் என்றால் பிளேட் எந்த பிராண்டோ அதே பிராண்ட், இல்லாவிட்டால் பிளேட்டில் உட்காராது. வயரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உரித்து, இழைகளை ஒன்று விடாமல் முறுக்கி, மெல்லிய வயராக இருந்தால் மடித்துத் தடிமனாக்கி உள்ளே விடுங்கள். வயர் துளைக்குள் போகவில்லை என்று நாலு இழையை வெட்டி எறிகிறார்கள், அந்த நாலு இழை சுமக்க வேண்டியதை மிச்சம் இருப்பது சுமந்து சூடாகும். ஸ்க்ரூ செம்பைக் கவ்வ வேண்டும், பிளாஸ்டிக் உறையைக் கவ்வினால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றி உள்ளே தொடர்பே இருக்காது. முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் ஒரு முறை இழுத்துப் பார்த்து, பச்சை வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று கவனித்து, பிளேட்டுக்கு அடியில் எந்த வயரும் நசுங்காமல் மூடுங்கள். மெயினை ஏற்றி, அந்த ஸ்விட்சில் வழக்கமாக ஓடுகிற கருவியையே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, காய்ந்த கையால் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் இறக்கிவிட்டு மேலே 'ஸ்விட்ச் சுடுகிறது' என்ற தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.